ஆண்டுக்கு 60 டாலர் வரி என்ற விளம்பரத்தை நம்பி நிலம் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் டெக்சாஸில், ஆஸ்டின் அருகே மென்பொருள் துறையில் வேலை செய்கிறோம். நகரத்தைவிட்டுக் கிழக்கே தள்ளி, ஒரு கிராமப்புறக் கவுண்டியில் 15 ஏக்கர் மேய்ச்சல் நிலம் 3,60,000 டாலருக்கு வந்திருக்கிறது. அங்கே சிறிய வீடு கட்டி, ஆடு, கோழி வளர்த்து, காய்கறித் தோட்டம் போட்டுக் குடியிருக்க நினைக்கிறோம். சென்ற ஆண்டின் சொத்து வரி 60 டாலர் என்று விளம்பரத்தில் இருக்கிறது. இப்போதுள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 9,000 டாலருக்கு மேல் கட்டுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தாவின் நிலத்துக்கு ஏக்கருக்குச் சில ரூபாய்தான் தீர்வை. கிராமத்து நிலம் என்றால் இங்கேயும் அப்படித்தானா? வாங்கிய பிறகு வரி ஏறுமா? 68 வயதான என் தந்தையும் எங்களோடு இருப்பார். அவர் வயதுக்குச் சலுகை உண்டா? வரிக்காக வேறு மாநிலத்தில் தேடுவது நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விளம்பரத்தில் உள்ள 60 டாலர் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது விற்பவர் கட்டிய வரி. அவர் அந்த நிலத்தை வைத்திருந்த விதத்துக்கும் செய்த தொழிலுக்கும் கிடைத்த வரி. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய மறு ஆண்டே அந்தச் சலுகையை நீங்கள் புதிதாக விண்ணப்பித்துப் பெற வேண்டியிருக்கும். ஆகவே, ‘சென்ற ஆண்டு என்ன வரி’ என்பதைவிட, ‘என் பெயரில், என் வீட்டோடு, நான் செய்யப்போகும் விவசாயத்தோடு இந்த நிலத்துக்கு என்ன வரி வரும்’ என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

தஞ்சாவூர்த் தீர்வையை இங்கே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நஞ்சை, புஞ்சை, மண்ணின் தரம், பாசன வசதி ஆகியவற்றைப் பார்த்து எப்போதோ நிர்ணயித்த தொகைதான் தீர்வை. நிலத்தின் சந்தை விலை பத்து மடங்கு ஏறினாலும் தீர்வை அதைத் தொடர்ந்து ஏறுவதில்லை. டெக்சாஸில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று சொத்தின் சந்தை மதிப்பு என்ன என்பதைக் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகம் (அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்) கணிக்கிறது. அந்த மதிப்பின் மேல் பள்ளி மாவட்டம், கவுண்டி, அவசரசேவை மாவட்டம் எனப் பல அமைப்புகள் தத்தம் விகிதத்தில் வரி விதிக்கின்றன. மாநில அரசுக்கென்று சொத்து வரி கிடையாது; தனிநபர் வருமான வரியும் கிடையாது. பள்ளியும் சாலையும் தீயணைப்பும் பெருமளவு இந்த வரியில்தான் நடக்கின்றன என்பதால், கிராமம் என்பதற்காக மட்டும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படியானால் 60 டாலர் எப்படி வந்தது? 1978இல் டெக்சாஸ் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தில் சேர்த்த 1-டி-1 என்னும் பிரிவின்படி, விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்தைச் சந்தை விலைக்கு மதிப்பிடாமல், அது விவசாயத்தில் ஈட்டக்கூடிய வருவாயைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். ஊரில் எல்லோரும் ‘ஆக் எக்ஸெம்ப்ஷன்’ என்று சொல்வது இதைத்தான். எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். விகிதங்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் நிலத்துக்குரிய எண்களை மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அந்த நிலத்தின் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா அமைப்புகளின் வரியும் சேர்ந்து 100 டாலர் மதிப்புக்கு 1.60 டாலர் என்று கொள்வோம். ஏக்கர் 24,000 டாலர் வீதம் 15 ஏக்கருக்குச் சந்தை மதிப்பில் வரி 5,760 டாலர். அதே நிலத்தை விவசாய மதிப்பில் ஏக்கர் 250 டாலர் என்று எடுத்தால், மொத்த மதிப்பு 3,750 டாலர், வரி 60 டாலர். அதாவது, நீங்கள் வாங்க நினைக்கும் நிலத்தில் ஆண்டுக்கு 5,700 டாலர் பெறுமான ஒரு தகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தானாக உங்களிடம் வந்து சேராது.

உரிமை மாறியதும் புதிய உரிமையாளர் 50-129 என்ற எண்ணுள்ள விண்ணப்பத்தை ஏப்ரல் 30க்குள் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டாலும், அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் பதிவேட்டுக்கு மறுஆய்வுக் குழு ஒப்புதல் தருவதற்கு முன்பு கொடுத்துவிடலாம். ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதமாகப் போகும். அதையும் தவறவிட்டால் அந்த ஆண்டுக்கு முழு வரிதான். நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலம் கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முந்தைய உரிமையாளர் செய்த ஆண்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். இதனால்தான், ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை என்பேன். வரலாறே இல்லாத தரிசை மலிவாக வாங்கி, ஐந்து ஆண்டு முழு வரி கட்டி, கூடவே விவசாயமும் செய்து தகுதி பெறுவது மேற்கண்ட கணக்கில் 28,800 டாலர் செலவு. நிலம் நகர எல்லைக்குள் இருந்தால் விதி இன்னும் கடுமை. வளரும் ஊர்களின் அருகே வாங்குவோர் எல்லைக் கோட்டை ஒருமுறை வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த இடம், ‘ஆடு, கோழி வளர்த்து, காய்கறித் தோட்டம் போட்டு’ என்ற வரிதான். அது நல்ல வாழ்க்கை. ஆனால் அது மட்டும் இருந்தால், வீட்டுக்கான ஓர் ஏக்கர் போக மீதி 14 ஏக்கருக்கு விவசாய மதிப்பீடு கிடைக்காது. நிலம் முதன்மையாக விவசாயத்துக்கே பயன்பட வேண்டும், அதுவும் அந்த வட்டாரத்தில் வழக்கமாக உள்ள அளவுக்குச் செறிவாகப் பயன்பட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் செறிவின் அளவை ஒவ்வொரு கவுண்டியும் தனியே எழுதி வைத்திருக்கிறது. ஒரு பசுவுக்கு ஈடாக ஐந்தாறு ஆடுகளைக் கணக்கிடுவது பரவலான வழக்கம்; எத்தனை ஏக்கருக்கு எத்தனை தலை, குறைந்தபட்சம் எத்தனை ஏக்கர் என்பன இடத்துக்கு இடம் மாறும். வீட்டுச் சமையலுக்கான தோட்டத்தையும் முட்டைக்கான பத்துக் கோழிகளையும் பல கவுண்டிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் இரண்டு ஆடுகளைக் காட்டி அதிகாரியை நம்பவைத்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அவர் நேரில் வந்து வேலியையும் புல்லின் உயரத்தையும் பார்த்துவிட்டுப் போவார் என்பதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

முழுநேர வேலையில் இருக்கும் உங்களுக்கு இரண்டு வழிகள் தோதானவை. முதலாவது, இப்போது அங்கே மாடு மேய்ப்பவர் அல்லது வைக்கோல் வெட்டுபவர் யாரென்று விசாரித்து, அவருக்கே எழுத்துக் குத்தகை கொடுத்துத் தொடரச் செய்வது. குத்தகைப் பணம் சொற்பமாக இருக்கும். பல இடங்களில் பேருக்குத்தான் வாங்குகிறார்கள். ஆனால் விவசாயம் ஒரு பருவமும் இடைவெளியில்லாமல் நடக்கும், உங்களுக்குக் கற்றுக்கொள்ளவும் காலம் கிடைக்கும். இரண்டாவது, தேனீ வளர்ப்பு. 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மேற்படாமலும் உள்ள நிலத்தில் தேனீ வளர்ப்பதை டெக்சாஸ் வரிச் சட்டம் விவசாயமாக ஏற்கிறது. முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டி, அதன் மேல் இரண்டரை ஏக்கருக்கு ஒன்று என்பது பல கவுண்டிகளின் அளவு. அந்தக் கணக்கில் உங்கள் 14 ஏக்கருக்குப் பத்துப் பெட்டி வேண்டும். சிறு நிலக்காரர்களுக்கு இது எளிய வழி என்று எங்கும் பேச்சிருக்கிறது. டெக்சாஸ் கோடையில் பத்துப் பெட்டிகளை உயிரோடு காப்பது அவ்வளவு எளிதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வழியானாலும் குத்தகை ஒப்பந்தம், தீவன ரசீது, விற்பனைச் சீட்டு, தேதியுள்ள படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். நீங்கள் வீடு கட்டும் இடத்தையும் முற்றத்தையும், பெரும்பாலும் ஓர் ஏக்கராக, விவசாய மதிப்பீட்டிலிருந்து பிரித்துச் சந்தை விலைக்கு மதிப்பிடுவார்கள். அந்த ஏக்கருக்கும் வீட்டுக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக் கிடைக்கும், அதாவது குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கே வரி போடுவார்கள். பள்ளி வரியில் 2023இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்ந்த இந்த விலக்கை, 2025 நவம்பரில் வாக்காளர்கள் 1,40,000 டாலராக உயர்த்தினார்கள். வீடு 2,50,000 டாலர், ஏக்கர் 24,000 டாலர் என்றால் மதிப்பு 2,74,000 டாலர். என் உதாரண விகிதத்தில் பள்ளிக்கு 0.85, மற்றவற்றுக்கு 0.75 என்று பிரித்தால், பள்ளி வரி விலக்குப் போக 1,139 டாலர், மற்றவை 2,055 டாலர், விவசாய மதிப்பில் உள்ள 14 ஏக்கருக்கு 56 டாலர். மொத்தம் 3,250 டாலர். அந்த 14 ஏக்கர் தகுதியை இழந்தால் மொத்தம் 8,570 டாலர் ஆகிவிடும். இப்போது கட்டுவதிலிருந்து தப்பிக்கக் கிராமத்துக்குப் போகிறவர் கிட்டத்தட்ட அதே தொகையை அங்கேயும் கட்டுவார் என்பதே இதன் பொருள்.

முழு 15 ஏக்கரையும் ஹோம்ஸ்டெட் என்று காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். வரிக்கான ஹோம்ஸ்டெட் 20 ஏக்கர் வரை போகலாம். ஆனால் விலக்கு ஒரு நிலையான தொகை, ஏக்கர் கூடினால் அது கூடாது. விலக்கு பெறும் சொத்தின் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரிக்கணக்கில் ஏறக்கூடாது என்ற வரம்பு உண்டென்றாலும், ஏக்கருக்கு 250 டாலர் என்ற மதிப்புக்கு அது ஈடாகாது. கிராமப்புறக் குடும்பத்துக்கு 200 ஏக்கர் வரை ஹோம்ஸ்டெட் உண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அது கடன்காரர்களிடமிருந்து வீட்டைக் காக்கும் அரசியல் சட்டப் பாதுகாப்பு, வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிலத்தை எல்.எல்.சி. நிறுவனத்தின் பெயரில் வாங்கும்படி யாராவது அறிவுரை சொன்னால், ஹோம்ஸ்டெட் விலக்குப் பறிபோகும் என்பதை அவரிடம் நினைவூட்டுங்கள்.

ரோல்பேக் வரியைப் பற்றி அஞ்சுவோர் அதிகம், சரியாகப் புரிந்துகொண்டோர் குறைவு. விவசாய மதிப்பீட்டில் இருந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், கடந்த மூன்று ஆண்டுகளில் சந்தை மதிப்புக்கும் விவசாய மதிப்புக்கும் இடையே மிச்சமான வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு ஐந்து ஆண்டுக்கு வட்டியோடு வசூலித்தார்கள். 2019இல் அது மூன்று ஆண்டாகக் குறைந்தது, 2021இல் வட்டியும் நீங்கியது. மதிப்பு மாறாமல் இருந்ததாகக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு 380 டாலர் வீதம் மூன்று ஆண்டுக்கு 1,140 டாலர். 15 ஏக்கரும் மாறினால் 17,100 டாலர். நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் விவசாய மதிப்பீடு போகும், ஆனால் அதனால் மட்டும் ரோல்பேக் வராது. வேறு பயனுக்கு மாற்றினால்தான் வரும். உரிமையாளர் தம் குடியிருப்பு ஹோம்ஸ்டெட்டாக ஒரு பகுதியைக் கோருவது மட்டுமே பயன் மாற்றம் ஆகாது என்றும் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இது சாதகமானது. ஆனாலும் வீடு எழும்பிக்கொண்டிருக்கும் காலத்தில், நீங்கள் குடியேறி விலக்குக் கோருவதற்கு முன்பு, அந்த ஏக்கரை எப்படி நடத்துவார்கள் என்பதை மதிப்பீட்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்துடன் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்துக்கும் ஆண்டுதோறும் வரும் அறிவிப்பில் சந்தை மதிப்பு என்று இன்னோர் எண் இருக்கும். அந்த எண் இந்த ஆண்டு வரியைத் தொடுவதில்லை என்பதால் யாரும் அதை எதிர்த்து முறையிடுவதில்லை. ரோல்பேக் கணக்கிடும்போது எடுத்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். மிகையாக இருந்தால் மே 15க்குள், அல்லது அறிவிப்பு அனுப்பிய 30 நாளுக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் முறையீடு செய்யலாம்.

உங்கள் தந்தையின் வயதுக்குரிய சலுகை நல்ல சலுகைதான்: 65 வயதைக் கடந்த உரிமையாளருக்குப் பள்ளி வரியில் மேலும் 60,000 டாலர் விலக்கும், பள்ளி வரித் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. ஆனால் அவர் அந்த வீட்டில் இருந்தால் போதாது, உரிமையாளராகவும் இருக்க வேண்டும். வரிக்காக மட்டும் அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குப் பின் அந்தப் பங்கு உங்கள் உடன்பிறந்தார்க்கும் உரியதாகலாம். இந்தியாவில் இருக்கும் வாரிசுகளோடு டெக்சாஸ் நிலத்தைப் பங்கிடும் வழக்கில் செலவாகும் பணம் பல ஆண்டு வரிச் சலுகையை விழுங்கிவிடும். உண்மையிலேயே அவர் பணமும் இதில் போகிறதென்றால் வழக்கறிஞரை வைத்து உயிலோடு சேர்த்துச் செய்யுங்கள்.

நிலத்தின் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, எந்தெந்த அமைப்புகள் வரி விதிக்கின்றன என்ற பட்டியலையும் பாருங்கள். சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு பள்ளி மாவட்டங்களாக இருக்கலாம், விகிதமும் வேறுபடும். அவசரசேவை மாவட்டம் 100 டாலருக்கு 10 சென்ட் வரைதான் விதிக்க முடியும். பள்ளிக் கட்டடக் கடன்களுக்கு அப்படியொரு சிறிய வரம்பு இல்லை. ஆஸ்டினிலிருந்து குடும்பங்கள் வந்துகொண்டிருக்கும் கவுண்டிகளில் புதிய பள்ளிகளுக்கான கடன் பத்திரத் தேர்தல்கள் அடிக்கடி வரும். உங்கள் வீட்டின் மேல் விழும் வரியை அடுத்த பத்தாண்டில் அதிகம் பாதிக்கக்கூடியது இதுவே என்பது என் கணிப்பு.

வேலி, குளம், கிணறு ஆகியவை விவசாய நிலத்தின் மதிப்பிலேயே அடங்கிவிடும். கொட்டகைக்கும் களஞ்சியத்துக்கும் தனியே சந்தை மதிப்பில் வரி உண்டு. வீட்டுத் தேவைக்கான சூரிய மின்தகடுகளால் கூடும் மதிப்புக்கு விலக்கு இருக்கிறது, அதற்கும் விண்ணப்பம் வேண்டும்.

வேறு மாநிலம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவசாய நிலத்தைப் பயனுக்கேற்ப மதிப்பிடும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் நாடு முழுவதும் உண்டு. டென்னசியில் 1976ஆம் ஆண்டின் கிரீன்பெல்ட் சட்டம் இருக்கிறது. ஆனால் விவசாய வகையில் சேரப் பொதுவாக 15 ஏக்கர் வேண்டும், அங்கேயும் மூன்று ஆண்டு ரோல்பேக் உண்டு. கலிபோர்னியாவில் 1978இல் வந்த 13ஆவது முன்மொழிவின்படி, வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்ற முடியாது. ஆனால் அங்கே மாநில வருமான வரி காத்திருக்கிறது. உங்கள் வேலை ஆஸ்டினில் இருக்கும்போது சொத்து வரிக்காக மட்டும் மாநிலம் மாறுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த நிலத்தையே வாங்குவதாக இருந்தால் ஒப்பந்தத்தின் இரண்டு இடங்களைக் கூர்ந்து படியுங்கள். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பண்ணை நில ஒப்பந்தப் படிவத்தில், விற்பவர் செய்த மாற்றத்தால் வரும் கூடுதல் வரி அவருடையது, வாங்கியவரின் பயன்பாட்டால் வருவது வாங்கியவருடையது என்று பிரித்திருக்கும். தனியார் எழுதிய ஒப்பந்தமானால் அந்தப் பிரிவு இருக்கிறதா, வார்த்தைகள் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ரோல்பேக் கடன் நிலத்தின் மேல் நிற்கும். விற்றவர் போய்விட்டால் அலுவலகம் உங்களிடம்தான் வரும். இரண்டாவது, கடனுக்கான எஸ்க்ரோ, அதாவது வரி கட்டுவதற்காகக் கடன் கொடுப்பவர் மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம். கடன் கொடுப்பவர் சென்ற ஆண்டின் 60 டாலரை வைத்து மாதத் தவணையைக் கணக்கிட்டால் முதல் ஆண்டு இனிமையாகவே இருக்கும். வீட்டின் முழு மதிப்பில் வரிச் சீட்டு வந்ததும் பற்றாக்குறையையும் புதிய உயர்வையும் சேர்த்துத் தவணையில் சில நூறு டாலர் ஏற்றிவிடுவார்கள். வீடு முடிந்த நிலையின் மதிப்பை வைத்தே எஸ்க்ரோவைக் கணக்கிடும்படி முதலிலேயே கேளுங்கள். மறுத்தால் மாதம் 270 டாலர் வீதம் நீங்களே தனியே ஒதுக்கி வாருங்கள். வரி ஜனவரி 31க்குள் கட்டி முடிய வேண்டும். பிப்ரவரி பிறந்ததும் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் சேர்ந்துவிடும். வாங்கும் பத்திரம் முடிந்த வாரத்திலேயே 50-129 விண்ணப்பத்தை நிரப்பி, குத்தகைத் தாளின் நகலையும் இணைத்து வையுங்கள்; ஜனவரி முதல் வாரத்தில் அலுவலகம் திறந்ததும் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.